சம்பந்தி பந்தியில் ஓடிய ரயில்

சாப்பிட்டுக்கொண்டிருந்த இருபது பேரைப் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுப்பியவள் நான். சும்மா வந்துபோகிற ஆட்கள் இல்லை, மாப்பிள்ளை வீட்டார். பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தெல்லாம் எழுப்பவில்லை. பதினைந்தடி தள்ளி நின்று, முதுகைக் காட்டிக்கொண்டே எழுப்பினேன். இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது.

அப்போது நான் இன்ஜினியரிங் கடைசி வருடம், மெக்கானிக்கல். (வகுப்பில் மொத்தமே நான்கு பெண்கள். அதனால் எனக்கு அறிவு நான்கு மடங்கு என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.) சித்தப்பா சமையல் மாஸ்டர். கீரனூர், குன்றாண்டார்கோவில் பக்கம் பெயர் வாங்கிய ஒரு மாஸ்டரிடம் பதினெட்டு வருடம் உதவியாளாக இருந்துவிட்டு, முதல் தடவையாகத் தனியே ஒரு கல்யாணத்தை ஒப்புக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். "இது நல்லபடியா முடிஞ்சா அடுத்த பொண்ணு கல்யாணமும் ஒங்களுக்குத்தான் மாஸ்டர்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். சித்தப்பா அந்த வாக்கை எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு முறையாவது சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலவே சொல்வார்.

சமைப்பதில் அவருக்குப் பயமே இல்லை. பரிமாற ஆள் கிடைப்பதுதான் பாடு. "கரண்டி புடிக்கத் தெரிஞ்ச பயலுக பாதிப் பேரு சிங்கப்பூருல இருக்காய்ங்க, மிச்சப் பேரு துபாய்ல" என்று ஒரு நாள் அலுத்துக்கொண்டார். அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன்.

புதுக்கோட்டையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருந்தேன். அதே போல மூன்று பரிமாறும் வண்டிகள். காலியாக இருக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துகொள்ளும், குட்டி யானை வண்டியில் ஓர் ஓரமாக ஏற்றிவிடலாம். பந்தி நேரத்தில் வரிசையாகக் கோத்துவிட்டால் ரயில். முதல் பெட்டியில் சோறு, இரண்டாவதில் சாம்பார், மூன்றாவதில் ரசமும் மோரும். ஒருவர் இழுக்க, இரண்டு பேர் அள்ளி வைத்துக்கொண்டே வர, ஏழு பேர் வேலையை மூன்று பேர் முடித்துவிடலாம். மூன்று வண்டிக்கும் ஒரே அளவு, ஒரே அச்சு. முன்னால் ஒரு வளையம், பின்னால் ஒரு கொக்கி. கடைசி வண்டிக்கு எதற்குக் கொக்கி என்று பட்டறைக்காரர் கேட்டார். நாளைக்குப் பாயசத்துக்கு நாலாவது பெட்டி வரும், அதை மாட்ட வேண்டாமா என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொக்கியைப் பற்றவைத்துக் கொடுத்தார்.

சித்தப்பாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது.

"ஆத்தா, வளைவுல ஒழுங்காத் திரும்புமா?"

"டர்னிங் ரேடியஸ் எல்லாம் கால்குலேட் பண்ணிட்டேன் சித்தப்பா."

(பண்ணவில்லை. எனக்கு அரியர் இருந்ததே அந்தப் பாடத்தில்தான்.) சோதனை ஓட்டம் நடத்தியது எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் சிமென்ட் ரோட்டில். அது போஸ்டாபீஸ் வரைக்கும் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராகப் போகும். ரயிலும் அருமையாகப் போனது. திரும்பி வரும்போது கொக்கிகளைக் கழற்றித் தனித்தனியாகத் தள்ளிக்கொண்டு வந்தோம் என்பதில் ஏதாவது பாடம் இருக்கிறதா என்று நான் யோசிக்கவில்லை. அந்த நேரத்தை, முதல் வண்டியின் நெற்றியில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் அடிப்பதில் செலவிட்டேன். 'வடிவமைப்பு: மு. கவிப்ரியா, பி.இ.' முடிக்காத பி.இ.க்கு மஞ்சளில் பளபளவென்று எழுத்து.

கல்யாணத்தன்று மணமேல்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். முதல் பந்தி அவர்களுக்கு. தலைமை ஆசிரியர் சம்பந்திக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று மேசை மேல் விரிக்கும் பேப்பரைக்கூட நல்லதாக வாங்கியிருந்தார். பிளாஸ்டிக் பூசிய கெட்டிச் சுருள், தண்ணீர் ஊறாது, இழுத்தால் கிழியாது. வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் ஒரே நீளமாக விரித்து, அதன் மேல் இலை போட்டு, கூட்டு, பொரியல், பாயசம் எல்லாம் வைத்தாகிவிட்டது. வரிசைத் தலையில் மாப்பிள்ளையின் தாய்மாமன். எல்லோரையும் உட்கார வைத்துவிட்டுக் கடைசி நாற்காலியில் மாப்பிள்ளையின் அப்பா.

வண்டியை வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனமில்லை. நானே இழுத்தேன். சித்தப்பாவின் உதவியாள் செல்வம் அண்ணனும் இன்னொருவரும் கரண்டியோடு கூட வந்தார்கள். சோறு விழுந்தது, சாம்பார் விழுந்தது. "அட, ரயிலு வருதுடா!" என்று யாரோ சிரித்தார்கள். இரண்டு பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். நான் ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி கொஞ்சம் ஒதுங்கி நடந்தேன்.

வரிசை முடியப்போகிற இடத்தில், மறுகோடியிலிருந்து தாய்மாமன் குரல் கொடுத்தார்.

"சாம்பார் இங்கிட்டு இன்னொருக்கா கொண்டாங்க!"

பந்தி என்றால் ஒருவர் ரசத்துக்குப் போயிருப்பார், ஒருவர் சாம்பாரிலேயே நிற்பார். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் ரயிலுக்குத் தெரியாது. ஒரு வாளியில் சாம்பாரை மொண்டு கொடுத்தனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வாளியை எடுத்தால் என் வடிவமைப்பு தோற்றுப்போனதாக ஆகிவிடாதா? ரயிலைப் பின்னால் தள்ளினேன். முதல் வண்டி பின்னால் போனது, இரண்டாவது இடப்பக்கம் மடங்கியது, மூன்றாவது வலப்பக்கம் மடங்கியது. வழி அடைத்துக்கொண்டது. இழுத்து நேராக்கினேன். மறுபடி தள்ளினேன். மறுபடி மடங்கியது. நெற்றியில் வியர்வை. சரி, முன்னாலேயே போய், வரிசைக் கோடியில் திரும்பி, அடுத்த வரிசையைச் சுற்றிக்கொண்டு தாய்மாமனிடம் போய்விடலாம் என்று தீர்மானித்தேன்.

முதல் வண்டி அழகாகத் திரும்பியது. இரண்டாவது கொஞ்சம் உள்ளே ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது, மேசையின் மூலையை உரசிக்கொண்டு வந்து சட்டென்று நின்றது.

"தங்கச்சி, பின்னால என்னமோ மாட்டுற மாதிரி இருக்கு" என்றார் செல்வம் அண்ணன்.

"புது வீல் அண்ணே, கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று சொல்லிவிட்டு இழுத்தேன். வரவில்லை. காலை ஊன்றி, பலம் கொண்ட மட்டும் இன்னொரு இழுப்பு இழுத்தேன். வந்தது.

பின்னால் சத்தம் வித்தியாசமாக இருந்ததால் திரும்பிப் பார்த்தேன். நாலாவது பெட்டிக்காகக் காத்திருந்த அந்தக் கொக்கி, மேசையிலிருந்து தொங்கிய பேப்பரின் நுனியை மடிப்போடு கவ்வியிருந்தது. இருபது இலைகளும் ஓர் ஆள் தூரம் நகர்ந்திருந்தன. ஒவ்வொருவர் முன்னாலும் பக்கத்து ஆள் பிசைந்து வைத்த இலை. பாயசத்துக்கு விரலை நீட்டிய ஒரு பெரியம்மாவின் கை அடுத்தவர் ரசச் சோற்றுக்குள் இருந்தது. சாம்பார் கேட்ட தாய்மாமனுக்கு முன்னால் இலையே இல்லை, வெறும் மேசை. கடைசி இலை, அதுதான் மாப்பிள்ளையின் அப்பாவுடையது, அவர் பட்டு வேட்டியில் கவிழ்ந்து கிடந்தது.

ஒருவர் எச்சில் இலையில் இன்னொருவர் எப்படிக் கை வைப்பது? ஒவ்வொருவராக எழுந்தார்கள். வரிசை முழுக்க எழுந்தது. தாய்மாமன் முகம் சிவந்துவிட்டது.

"பொண்ணு வீட்டுல கூப்பிட்டு ஒக்கார வச்சு எலையிலருந்து எழுப்புறாங்க! இதெல்லாம் ஒரு மரியாதையா? வாங்க எல்லாரும், பஸ்ஸுல ஏறுங்க!"

தலைமை ஆசிரியர் ஓடி வந்தார். நாற்பது வருடம் பிள்ளைகளை நிற்க வைத்தவர், கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். மேடையிலிருந்து மணப்பெண் எட்டிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

சமையற்கட்டிலிருந்து சித்தப்பா வந்தார். இடுப்பில் துண்டு, கையில் கரண்டி. ஒரு நிமிடம் பேப்பரைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஐயா, தப்பு என்னோடதுங்க. ஆள் பத்தலைன்னு நாந்தான் இந்த வண்டியக் கொண்டாந்தேன். பொண்ணு வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க."

"யாரு இழுத்தது? அந்தப் புள்ள யாரு?" என்று தாய்மாமன் என் பக்கம் கையை நீட்டினார்.

"அது கூலிக்கு வந்த புள்ளைங்க. நாஞ் சொன்னதச் செஞ்சுச்சு, அம்புட்டுத்தான்."

நான்தான் செய்தேன், இது என் யோசனை, வளைவில் திரும்புமா என்று சித்தப்பா கேட்டதற்குப் பொய் சொன்னதும் நான்தான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கூலிக்கு வந்த பிள்ளை மாதிரியே தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தபடியே இரண்டடி பின்னால் நகர்ந்து, மஞ்சள் ஸ்டிக்கரை என் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன். வேட்டி, இலை எல்லாம் மறந்துவிடலாம். அந்த இரண்டடியை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர். வேட்டியை உதறிக்கொண்டே, "சரி விடு மச்சான், பசிக்குது, சாப்புடுவோம்" என்றார். புதிதாகப் பேப்பர் விரித்து, இலை போட்டு, சித்தப்பாவே வாளியைத் தூக்கிக்கொண்டு இருபது பேருக்கும் பரிமாறினார். கல்யாணம் நடந்தது. ஆனால் தலைமை ஆசிரியரின் அடுத்த பெண் கல்யாணத்துக்கு வேறு மாஸ்டர் வந்தார். காதுகுத்து, வளைகாப்பு என்று சின்னச் சின்ன விசேஷங்களாகச் சமைத்து, சித்தப்பா மறுபடி ஒரு கல்யாணத்தைப் பிடிக்க மூன்று வருடம் ஆனது. அந்த மூன்று வருடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் சும்மா இருந்தாலும் எங்கள் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எந்த விசேஷத்திலும் நான் பந்தி ஓரமாக நடந்தால் போதும், வரிசை முழுக்க இடது கையால் பேப்பரை அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். அதுதான் விளையாட்டே.

என் கல்யாணத்துக்குச் சித்தப்பாதான் சமையல். நானும் அவரும் (அதாவது என் கணவரும்) பந்தியில் விசாரிக்கப் போனோம். என்னைக் கண்டதும் எங்கள் பக்கத்து ஆட்கள் நாற்பது பேரும் ஒன்றாகப் பேப்பரை அமுக்கினார்கள். எதிர் வரிசையில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று அவர்களும் அமுக்கிக்கொண்டார்கள்.

"இது ஒங்க பக்கத்து முறையாம்மா?" என்று மாமியார் என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், சாம்பார் வாளியோடு வந்த சித்தப்பா பதில் சொன்னார். "ஆமாங்க. பொண்ணு பந்திக்கு வந்தா பேப்பரப் புடிச்சுக்கிறது எங்க வீட்டு வழக்கம்."

சொல்லிவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அடுத்த இலைக்குப் போய்விட்டார். நான் அன்றைக்கும் தலையைத்தான் குனிந்தேன். புதுப்பெண் என்பதால் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

போன தை மாதம் நாத்தனார் கல்யாணம். நான் பந்திப் பக்கம் வருவதைப் பார்த்துவிட்டு, மாமியார் தன் புதுச் சம்பந்திகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மருமக வருது, எல்லாரும் பேப்பரப் புடிச்சுக்கங்க. அவுக வீட்டுல தலைமுறை தலைமுறையா வர்ற வழக்கம்."