ஓட்டை போட்ட இட்லி

கண்டியிலிருந்து தெல்தோட்டைக்கு ஏறும் பஸ்ஸில், அப்பாவின் தோளில் இடிபட்டபடி நின்றபோதுதான் அந்த யோசனை என் தலையில் ஏறியது. (அது வழியிலேயே எங்காவது இறங்கியிருக்கலாம்.) அன்று காலை கிளினிக்கில் அப்பாவுக்குக் கொலஸ்ட்ரோல் கூடிவிட்டது என்று சொல்லி, எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் குறைக்கச் சொன்னார்கள். சுவரில் ஒரு படம்: கொழுப்பு படிந்து ஒடுங்கிப்போன இரத்தக் குழாய். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளின் தண்ணீர்க் குழாயும் இப்படித்தான் அடைக்கும். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதற்குமேல் இருப்புக் கொள்ளவில்லை. அவர்கள் சொன்னது குறைக்க. மூன்றாவது வளைவு திரும்புவதற்குள் நான் இரண்டையும் ஒழிப்பதென்றே முடிவெடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அக்காவைப் பெண் பார்க்கக் கம்பளையிலிருந்து வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. இந்த மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடித்திருந்தது. அவர் போட்டோவை என் உயிரியல் கொப்பிக்குள்தான் ஒளித்து வைத்திருந்தாள். அவர்கள் வருமுன் அம்மா, அரைத்த உளுந்தையும் துருவிய தேங்காயையும் என்னிடம் ஒப்படைத்தார்.

"வடையைச் சுட்டு, பாயாசத்தை இறக்கிடு. உன் படிப்பைக் காட்டாத" என்று சொல்லிவிட்டுப் வருபவர்கள் உட்காரப் பக்கத்து வீட்டில் கதிரை இரவல் வாங்கப் போனார்.

காட்டினேன். பாதி மாவை வட்டமாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, இட்லிச் சட்டியில் அவித்தேன். தேங்காயைப் பிழிந்து, கெட்டியான முதற்பாலை வாசலில் கிடந்த நாய்க்கு ஊற்றினேன். மூன்றாம் பாலில் பாயாசம் கொதித்தது. சவ்வரிசிகள் ஒன்றையொன்று தேடி நீந்தின.

மாப்பிள்ளையின் தாய்மாமா ஒரு வடையைக் கடித்தார். திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இட்லிக்கு எதுக்கு ஓட்டை?"

"அது வடைங்க. எண்ணெய் உடம்புக்குள்ள போனா..." என்று ஆரம்பித்தவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. ஈரல், பித்தநீர் எல்லாம் சொல்லி, எரியாத கொழுப்பு எங்கே சேரும் என்பதற்கு அவர் வயிற்றையே சுட்டிக் காட்டினேன்.

அவர் எழுந்துவிட்டார். "வந்தவங்க வயித்த அளக்குறதுதான் இங்க வழக்கமா?" மாப்பிள்ளையின் அம்மா கைப்பையைத் தேடினார்.

அப்பா மெதுவாகக் கேட்டார்: "கொலஸ்ட்ரோல் எனக்குடா. மாப்பிள்ளை வீட்டுக்கு ஏன் பத்தியம்?"

கூப்பிடும்வரை உள்ளே இருக்க வேண்டிய அக்கா, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நேரே வெளியே வந்தாள்.

"உக்காருங்க. மிச்ச மாவுல நான் சுட்டுத் தர்றேன். இவன் படிச்சது இவனுக்கே இன்னும் செரிக்கல."

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை சொன்னார்: "உக்காருங்க மாமா. எனக்குப் பசிக்குது."

மாமா உட்கார்ந்தார். சட்டியிலிருந்து வந்த சூட்டோடு ஏழு வடை சாப்பிட்டார். (எண்ணினேன். வாயைத் திறக்கவில்லை.) கையைத் துடைத்துக்கொண்டு, நாள் பார்க்கச் சொன்னார்.

இன்றைக்கும் கம்பளையில் அக்கா வீட்டுப் படியேறினால், அத்தான் உள்ளே குரல் கொடுப்பார்: "உன் தம்பி வந்திருக்கான். அவிக்கிறதா, சுடுறதா?" தாய்மாமா என்னைக் கண்டாலே வயிற்றை எக்கிக்கொள்கிறார்.

பிறகுதான் மிச்சப் பாடத்தையும் படித்தேன். சில விட்டமின்கள் கொழுப்பில்தான் கரையுமாம். எண்ணெய் படாத கரட் பாதி வீணாம். வளரும் பிள்ளையின் மூளைக்கே கொழுப்பு வேண்டுமாம். வரும் வெள்ளிக்கிழமை அக்கா மகளுக்கு முதற்சோறு ஊட்டுகிறார்கள். செய்தியைச் சொன்ன அக்கா, போனை வைக்குமுன் ஒன்று சொன்னாள்: "வெறுங்கையோட வா."

அப்படியே போகிறேன். நெய்ப் போத்தல் காற்சட்டைப் பைக்குள் இருக்கும்.