ராகுகாலத்தில் திறக்கவிருந்த வெப்சைட்

கம்ப்யூட்டர் விஷயத்தில் என் மனைவி கலைவாணி சொன்ன எதையும் அந்தக் காலத்தில் நான் முழுதாகக் காதில் வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், மாமனாருக்கு எட்டு ரூம் கெஸ்ட் ஹவுஸ். அதற்குப் புது வெப்சைட் செய்து, புது சர்வரில் ஏற்றித் தருகிறேன் என்று நானே வலியப் போய்ச் சொன்னேன். கல்யாணமாகி ஐந்து மாதம். மாப்பிள்ளை கெட்டிக்காரர் என்று பேர் வாங்கியே தீரவேண்டிய அவசரம். மாமா காலண்டரைப் பார்த்து, வெள்ளிக்கிழமை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை நல்ல நேரம் என்றார்.

முந்தின நாள் காலை கலை ஒன்று சொன்னாள். சர்வர் மாறினாலும் பழைய விலாசத்தை மற்ற கம்ப்யூட்டர்கள் ஒரு நாள் ஞாபகம் வைத்திருக்குமாம். அந்தக் கெடுவை இன்றைக்கே கம்மி செய்துவிட வேண்டுமாம். 'ம்' என்றேன். (அன்றைக்கு வேர்க்கடலைச் சட்னி. கவனமெல்லாம் அங்கேதான்.)

வெள்ளி ஒன்பது இருபதுக்கு விலாசத்தை மாற்றிப் பட்டனைத் தட்டினேன். மாமா லேப்டாப்புக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். சுற்றிலும் பதினைந்து சொந்தக்காரர்கள். திரையில் அதே பழைய பக்கம்: 'விரைவில் வருகிறோம்.' மறுபடி தட்டினேன். இன்னமும் விரைவில்தான் வந்துகொண்டிருந்தோம். மாமா என்னைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்தார். அதுவரை சேர்த்த மரியாதை மொத்தமும் கற்பூரத்தோடு கரைவது எனக்குத் தெரிந்தது.

கலை கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, 'டிக்' என்று ஒரு கட்டளையும் எங்கள் வெப்சைட் பெயரும் அடித்தாள். பழைய விலாசமும் பக்கத்தில் ஓர் எண்ணும் வந்தன.

"பழசை மறக்க இன்னும் நாலாயிரத்து எண்ணூறு செகண்டு இருக்குப்பா. பத்தே முக்காலுக்குத்தான் புதுசு தெரியும்."

"பத்தரைக்கு ராகுகாலம் வந்துடுதேம்மா" என்றார் மாமா. குரலே இறங்கிவிட்டது.

அவள் பதறவில்லை. அதே கட்டளையை, இந்த முறை விலாசத்தைப் பதிந்து வைத்திருக்கும் அசல் சர்வரையே கேட்கும்படி அடித்தாள். அங்கே புது விலாசம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"பாருங்கப்பா, அசல் எடத்துல நல்ல நேரத்துலயே மாறிடுச்சு. தாலி கட்டியாச்சு. ஊருக்குச் சேதி போறதுதான் லேட்டு."

மாமா முகம் மலர்ந்துவிட்டது. இரண்டே வரி அடித்து ஒரு மாப்பிள்ளையின் மானத்தையும் ஒரு முகூர்த்தத்தையும் சேர்த்துக் காப்பாற்றியவளை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறேன்.

போன வாரம் எனக்கு பிரமோஷன் வந்தது. லட்டுப் பெட்டியோடு, கலையையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு ஓடினேன். அவர் பெட்டியைத் தொடாமல் மகள் பக்கம் திரும்பினார்.

"கலை, அசல் எடத்துல கேட்டியாம்மா?"

அவள் தலையாட்டிய பிறகுதான் ஒரு லட்டு எடுத்தார்.