‘போனேன் சார்’

வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே மிகச் சிறியது ‘போனேன் சார்’ என்பதுதான். இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விவேக் நகரில் பாதிப் பேர் வீட்டுக்குப் போக முடியாமல் தவித்தார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் அதில் அடக்கம்.

தொண்ணூறுகளின் கடைசி. சிவில் படித்துவிட்டு, போக்குவரத்து ஆராய்ச்சி செய்யும் ஒரு நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் மூன்று மாதம் பாக்கி. அங்கே ஏ.சி. உள்ள ஒரே அறை கம்ப்யூட்டர் அறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போவது போலப் போக வேண்டும். உள்ளே வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு மென்பொருள் இருந்தது. தெருக்களைக் கோடுகளாக வரைந்து, எந்தப் பக்கமிருந்து எத்தனை வண்டி வரும் என்று சொல்லிவிட்டால், எறும்பு மாதிரி வண்டிகள் திரையில் ஓடும். கோடு முடிகிற இடத்தில் ‘வெளியேறும் வழி’ என்று குறித்துவிட்டால், அங்கே போய்ச் சேரும் வண்டி பட்டென்று மறைந்துவிடும். (எங்கே போயிற்று என்று அதுவும் கேட்காது, நானும் கேட்டதில்லை.)

அதற்கு ஆட்டோ என்றால் என்னவென்றே தெரியாது. நான்தான் ஆட்டோவை ‘அரைக் கார்’ என்று சேர்த்துவிட்டேன். இதை இதுவரை எந்த ஆட்டோக்காரரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் போலீஸ் இலாகாவிலிருந்து ஒரு வேலை வந்தது. சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் வெளியே வரும்போது விவேக் நகர் சந்துகளில் வண்டிகள் சிக்கிக்கொள்கின்றன, ஒருவழிப் பாதையாக்கி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார்கள். “சார், அது என் ஏரியா! பொறந்ததே அங்கதான்” என்று கையைத் தூக்கினேன். எங்கள் துறைத் தலைவர் கிருஷ்ணப்பா சார் மிக நல்ல மனிதர். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், கன்னடத்தில்: “ஃபீல்டுக்கெ ஹோகித்யா?” அதாவது, நேரில் போய்ப் பார்த்தாயா?

“போனேன் சார்.”

போகவில்லை. அந்த வாரம் முழுக்க மழை. தவிர, பிறந்து வளர்ந்த இடத்தை டேப் வைத்து அளப்பார்களா என்ற திமிர் வேறு. நினைவிலிருந்தே எல்லாத் தெருவையும் வரைந்தேன். நான் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிளில் போன சந்து ஒன்று, வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, நேராக மெயின் ரோட்டில் போய் முட்டும். அதன் முனையில் ‘வெளியேறும் வழி’ என்று குறித்தேன். மற்ற தெருக்களில் எல்லாம் உள்ளே வரலாம், வெளியே போக அந்தச் சந்து மட்டும்தான் என்று திட்டம். திரையில் ஓட்டிப் பார்த்தேன். ஆஹா! ஒரு நெரிசல் இல்லை. வண்டிகள் வரிசையாகச் சந்துக்குள் போய் மறைந்துகொண்டே இருந்தன. கிருஷ்ணப்பா சார் கைதட்டினார். இன்ஸ்பெக்டர் அந்த ஏரியாவுக்கு மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, தலையாட்டினார். கம்ப்யூட்டர் சொன்னால் யாரும் எதிர்க்கேள்வி கேட்காத பொற்காலம் அது. அடுத்த ஞாயிறே வெள்ளோட்டம் என்று முடிவாயிற்று.

அதே ஞாயிறு பத்தரை மணிக்குத்தான் ஜோகுபாளையத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக அப்பா முடிவு செய்திருந்தார். எனக்கு உள்ளூரப் பெருமை. நான் போட்ட பாதையில் வழுக்கிக்கொண்டு வந்து இறங்குவார்கள் அல்லவா?

பத்தரை ஆயிற்று. பதினொன்றும் ஆயிற்று. அப்பா வாசலில் போய் நின்றார். பஜ்ஜி ஆறியது. போன் அடித்தது. பட்டுப்புடவையோடு நானே எடுத்தேன்.

“ஹலோ, நான் ஜெரால்டு பேசறேங்க. ஜோகுபாளையம்...” மாப்பிள்ளை! தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “உங்க ஏரியாலதான் இருக்கோம், ஒரு பேக்கரி போன்லேருந்து பேசறேன். ஆனா எந்தப் பக்கம் திரும்பினாலும் போலீஸ் கையைக் காட்டி வேற பக்கம் அனுப்புறாங்க. இதே பேக்கரிய மூணு தடவ பாத்துட்டோம். பேக்கரிக்காரர் எங்களப் பாத்து சிரிக்கவே ஆரம்பிச்சிட்டாரு.”

வெட்கப்பட வேண்டிய நேரம். நானோ நிபுணராகிவிட்டேன்.

“பேக்கரி பக்கத்துல லெஃப்ட் எடுங்க. ஒரு சந்து வரும். கண்ண மூடிட்டு நேரா போனா மெயின் ரோடு. அங்கேருந்து சுத்தி வந்தா எங்க தெரு.”

“நிச்சயமாங்களா?”

“கம்ப்யூட்டர்லயே பாத்திருக்கேன்.”

கால் மணி நேரம் கழித்து அப்பா வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். “அந்த சைக்கிள் சந்துல ஒரே ரகளையாம்மா. முப்பது வண்டி மாட்டிக்கிட்டு நிக்குதாம். எவனோ மடையன் எல்லாத்தையும் செவுத்தப் பாத்து அனுப்பி வெச்சிருக்கான்.”

“எந்தச் செவுரு?”

“முனைல இருக்கிற காம்பவுண்டு செவுருதான். அதக் கட்டியே ரெண்டு வருஷமாச்சே, உனக்குத் தெரியாது?”

அம்மா “எங்கடி போற, பூ கலையுது!” என்று கத்தக் கத்த ஓடினேன்.

சந்து ஒரு டப்பா போல அடைபட்டிருந்தது. முன்னால் எட்டடிச் சுவர். அதன்மேல் கண்ணாடித் துண்டுகள் வேறு. பின்னால் வந்தவர்களுக்குச் சுவர் இருப்பது தெரியாது; அவர்கள் ஹார்ன் அடித்தார்கள். முன்னால் நின்றவர்களுக்குச் சுவர் மட்டுமே தெரிந்தது. அவர்கள் வேறு வார்த்தைகளில் அடித்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் சீட்டின் மேல் ஏறி நின்று, “எவன் குரு இந்த ஒன்வே போட்டது? அவன் மட்டும் கெடைக்கட்டும், இதே செவுத்துல போஸ்டர் மாதிரி ஒட்டிடறேன்!” என்றார். நான் மெதுவாக ஒரு வேனுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அப்போதுதான் கிருஷ்ணப்பா சார் என்னைப் பார்த்தார். வெள்ளோட்டத்தைப் படமெடுக்கக் கேமராவோடு வந்தவர், கூட்டத்தின் நடுவே மாட்டியிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் ஒளி வந்தது. சிலுவைப்பாடு முடிந்து உயிர்ப்பு ஞாயிறு வந்தது மாதிரி.

“நம்ம ஸ்டெல்லா! பாம்மா, பா!” என்று கன்னடத்தில் கூப்பிட்டவர் கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: “எல்லாரும் சும்னே இருங்க. ஒன்வே பூரா பண்ணினது இவங்கதான். இவங்களே வழி சொல்வாங்க.”

அந்த நிமிடம் ஹார்ன் சத்தமெல்லாம் நின்றது. முப்பது வண்டியும் என்னைப் பார்த்தன. நான் ஒதுங்கியிருந்த வேனின் கண்ணாடி மெல்ல இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

“டேய் ஜெரால்டு, இது போட்டோல பாத்த பொண்ணுதானே?”

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று பார்த்தேன். மாநகராட்சி நாலு நாள் முன்புதான் அங்கே தார் போட்டிருந்தது.

கிருஷ்ணப்பா சார் பக்கத்தில் வந்து, இப்போது மிக மெதுவாக, அதே கேள்வியைக் கேட்டார். “ஸ்டெல்லா... ஃபீல்டுக்கெ ஹோகித்யா?”

ஆட்டோக்காரர் காத்திருந்தார். வேனில் ஐந்து பேர் காத்திருந்தார்கள். வேலையும் கல்யாணமும் ஒரே வாக்கியத்தில் போகப் போகின்றன என்று தெரிந்தது. இன்னொரு பொய்க்கு வாயைத் திறந்தேன். அது வரவில்லை.

“போகல சார். தப்பு என்னோடதுதான். செவுரு இருக்கிறதே எனக்குத் தெரியாது.”

யாராவது அடிப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, வேனிலிருந்து ஒல்லியாக ஒருவர் இறங்கிப் புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

“கடைசி வண்டியிலேருந்து ஒவ்வொண்ணா ரிவர்ஸ் எடுக்கணும். நீங்க அந்த முனைல நின்னு புது வண்டி வராம நிறுத்துங்க. நான் இங்க பாத்துக்கறேன்” என்றார். அதுதான் என் கணவர் என்னிடம் நேரில் பேசிய முதல் வாக்கியம்.

ஒரு மணி நேரம். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சந்து முனையில் நின்று, வருகிற வண்டிகளை எல்லாம் கையைக் காட்டித் திருப்பி அனுப்பினேன். மல்லிகைப்பூ ஒரு பக்கமாகத் தொங்கியது. ஆட்டோக்காரர் கடைசியில் வெளியே வந்தபோது என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பொண்ணு பாக்க வந்தாங்களாமே? போய் மூஞ்சியக் கழுவும்மா மொதல்ல” என்றார். அந்த இரக்கம்தான் என்னை அழவைத்தது.

வீட்டில் ஆறிப்போன பஜ்ஜியை மாப்பிள்ளை வீட்டார் தின்று முடித்தார்கள். அப்பா எதையோ சமாளிக்க வாயெடுக்கும் முன், மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் திரும்பினார். “எங்க வீட்டுக்கு உள்ள வர ஒரு வழி, வெளிய போக ஒரு வழி எல்லாம் கெடையாது. ஒரே கதவுதான். உனக்கு அது சரிப்படுமா?”

நான் ‘சரி’ என்று சொல்வதற்குள் அம்மா சொல்லிவிட்டார்.

வேலையும் போகவில்லை. ஆனால் கிருஷ்ணப்பா சார் அளவுச் சக்கரம் ஒன்றைக் கையில் கொடுத்து, விவேக் நகரின் எல்லாத் தெருக்களையும் நடந்தே அளக்க வைத்தார். ஒன்றரை மாதம் உருட்டினேன். பேக்கரிக்காரர் தினமும் ஒரு பன் கொடுத்துச் சிரிப்பார். சக்கரம் உருட்டிக் கறுத்துப்போன முகத்தோடுதான் கல்யாணப் போட்டோவில் நிற்கிறேன்.

கல்யாணப் பத்திரிகையை அச்சடித்தது மாப்பிள்ளை வீட்டார். கடைசிப் பக்கத்தில் மண்டபத்துக்குப் போகிற வழியைப் படம் போட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் என் மாமனார் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘இந்தப் படம் மணமகள் வரைந்தது அல்ல.’

எங்கள் குடும்பத்தில் அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழாப் பத்திரிகையிலும் அந்த வரி இருக்கிறது. ‘மணமகள்’ என்பதை மட்டும் மாற்றி, ‘ஸ்டெல்லா’ என்று பெயரையே போட்டுவிடுகிறார்கள்.