யு 0100: சாவியைத் திருப்பி அனுப்புவது பற்றி

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அவள் முட்டி மட்டும் அப்படியே இருக்கிறது. நீங்களும் என் மகளும் நலமாயிருப்பீர்கள் என்று நம்பி, நலமில்லாத ஒரு விஷயத்தை எழுதுகிறேன்.

அத்தையை வாரம் மூன்று நாள் முட்டிப் பயிற்சிக்கு அழைத்துப் போக நீங்கள் விட்டுச் சென்ற கார், செவ்வாயன்று வாசலிலேயே ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கருவியைச் செருகி, "யு 0100 காட்டுது சார்" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டு பொருள் கேட்டேன். "வண்டிக்குள்ள குட்டிக் குட்டி கம்ப்யூட்டர் நிறைய இருக்கு சார். ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டே இருக்கும். எஞ்சின் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டா பதிலே இல்லன்னு மத்தது புகார் பண்ணுது." "அப்போ தப்பு எஞ்சின் கம்ப்யூட்டர் மேலயா?" என்றேன். "சொல்ல முடியாது. நடுவுல ஒயர் விட்டிருக்கலாம், கரண்ட் பத்தாம இருக்கலாம். புகார் என்னன்னுதான் இது சொல்லும், தப்பு எங்கேன்னு நாமதான் தேடணும்." முப்பத்தொரு வருடம் பௌதிகம் கற்பித்தவன், புரிந்ததுபோல் தலையாட்டினேன், புரியவில்லை. உள்ளேயிருந்து அத்தை, "கூப்பிட்டா பதில் வராதது இந்த வீட்டுல என்ன புதுசா?" என்றாள்.

கம்ப்யூட்டரையே மாற்றச் சொல்வாரோ என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவரோ முதலில் பேட்டரியைத்தான் பார்த்தார். அதன் ஒயர் விரல் பட்டதுமே ஆடியது. "யாரு சார் இதைக் கழட்டினது?" நான்தான். வண்டியை நெடுநாள் ஓட்டாவிட்டால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவைக்கவும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. நெடுநாள் என்பது எத்தனை நாள் என்று போடவில்லை. எதற்கும் இருக்கட்டுமே என்று தினமும் மாலையில் கழற்றி, காலையில் மாட்டிவந்தேன். அதிகம் முறுக்கினால் உடைந்துவிடுமோ என்று வெறும் கையால், மெதுவாக. "அப்புறம் எந்தக் கம்ப்யூட்டருக்கு சார் பேச்சு வரும்?" என்று மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். ஸ்பானரால் இறுக்கி, கருவியில் பதிவான அந்த யு 0100 குறியீட்டை அழித்து, ஒரு சுற்று ஓட்டிவந்து மறுபடி சோதித்தார். குறியீடு வரவில்லை. மூன்று நாளில் அது திரும்ப வந்தால் ஒயர்களைப் பார்க்கலாம் என்றார்.

இன்று மூன்றாம் நாள். வண்டி ஓடுகிறது. பழுது தீர்ந்துதான் ஓடுகிறதா, புகார் சொல்லி அலுத்துப்போய் ஓடுகிறதா என்று எனக்கு விளங்கவில்லை. பழுது வண்டியில் இல்லை, என்னிடம்தான் என்பது மட்டும் விளங்குகிறது. என்னை நம்பி அதை இனியும் விட்டுவைப்பது முறையல்ல. சாவியை இத்துடன் இணைத்துள்ளேன். உங்கள் தம்பியை அனுப்பி வண்டியை எடுத்துக்கொள்ளவும். அத்தையை எப்படியாவது அழைத்துப் போகிறேன். எப்படி என்று இன்னும் யோசிக்கவில்லை.

நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

தலைகுனிந்த,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டி மேசைமேல் வைத்திருந்தேன். அத்தை தடவிப் பார்த்து, கிழித்து, சாவியை எடுத்துக்கொண்டு, "இதை அனுப்பிட்டு என்னை முதுகுலயா தூக்கிட்டுப் போவீங்க?" என்றாள். இப்போது காருக்குள் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறாள், பயிற்சிக்கு நேரமாகிவிட்டதாம். ஆகையால் சாவி இணைக்கப்படவில்லை. தம்பியும் வர வேண்டாம். மேலே எழுதியதில் நலம் விசாரித்தது மட்டும் செல்லும்.