எந்த மாடியில் கேட் திறந்திருக்கிறது?

லிஃப்ட் வரவில்லை. அட்மின் சார் பொத்தானை மூன்று தடவை அழுத்திப் பார்த்தார். நாலாவது தடவை அழுத்தவில்லை. பொத்தானை நம்பி நிற்கிற காலமெல்லாம் மலையேறிவிட்டது என்பது அவர் கட்சி. காய்கறிப் பையைத் தரையில் வைத்துவிட்டுப் போனை எடுத்து, "எந்த மாடியில் கேட் திறந்திருக்கிறது? உடனே மூடவும்" என்று குரூப்பில் போட்டார்.

பத்து வீட்டுக்காரர்களும் படித்துவிட்டதாக நீல டிக் விழுந்தது. பதில் மட்டும் வரவில்லை.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் பழங்காலத்துப் பெட்டி. மடக்குக் கம்பிக் கதவு. யாராவது ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாத்தினாலும் போதும், இருந்த இடத்தை விட்டு அசையாது. முன்பெல்லாம் கீழே நிற்பவர் அண்ணாந்து பார்த்து, "கேட்டு!" என்று ஒரு குரல் கொடுப்பார். மேலே யாராவது வந்து டமாலென்று சாத்துவார்கள். லிஃப்ட் வந்துவிடும்.

இவருக்கு அது காட்டுமிராண்டித்தனமாகப் பட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனவர், ஆன அன்றே கத்துவதற்குத் தடை போட்டு, 'லிஃப்ட் தகவல்' என்று ஒரு குரூப்பைத் தொடங்கினார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயரைக் கட்டடம் மறந்துபோயிற்று. எல்லோருக்கும் அவர் அட்மின் சார். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

இரண்டு மாதமாக எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. செய்தி போட்ட அடுத்த நிமிஷம் எவராவது கேட்டைச் சாத்திவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். இந்த வாரம்தான் ஜனங்களுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். முதல் மாடி, சாத்தியிருந்தது. இரண்டு, சாத்தியிருந்தது. மூன்று, அதுவும். நாலாவது மாடியில் லிஃப்ட் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. சாத்தினார். ஆதாரத்துக்கு ஒரு போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டார். இனி ஒரு மாடிக்கு எதற்கு லிஃப்ட் என்று ஐந்தாவது மாடியில் இருந்த தன் வீட்டுக்கு நடந்தே போனார்.

"என்னங்க, இப்படி மூச்சு வாங்குது?" என்றாள் மனைவி.

"ஜனங்களுக்குப் பொறுப்பே இல்ல. விடு, இதுக்கு ஒரு ஆப் இருக்கு."

எதற்கும் ஓர் ஆப் இருக்கிறது என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. போன வாரம் டாக்டரிடம் போய்வந்தபோதுகூட அந்த நம்பிக்கைதான் அவரைத் தாங்கிப் பிடித்தது. டாக்டர் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்தார், இவருடைய தொந்தியைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"ஆறு வாரம் டைம் தர்றேன். தினமும் நடங்க. குறையலைன்னா ஊசிதான். அதுவும் தினமும்."

ஊசி என்ற வார்த்தையைக் கேட்டாலே அட்மின் சாருக்குப் பல் கிட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, நடக்கிற அடிகளை எண்ணும் ஆப் மூன்றை இறக்கினார். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார். போனைக் கையில் பிடித்துக்கொண்டு விசிறி வீசுவது போல ஆட்ட ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க?"

"நடக்கறேன்."

"உக்காந்துக்கிட்டா?"

"இங்க பாரு, நாலாயிரத்து இருநூறு அடி. ஆப் பொய் சொல்லுமா?"

"ஆப் சொல்லாது. நீங்கதான் சொல்றீங்க." அவள் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினாள். "எனக்குப் பயமா இருக்குங்க. நிஜமாவே பயமா இருக்கு."

"நீ எதுக்குப் பயப்படறே? எல்லாம் கன்ட்ரோல்ல இருக்கு" என்று அவளைத் தேற்றுவதற்காக இன்னும் ஓர் ஐந்நூறு அடி ஆட்டிக் காட்டினார்.

மறுநாள் காலையில், வெங்காயம் உரித்துக்கொண்டே, "இந்த குரூப்பெல்லாம் எப்படிங்க ஆரம்பிக்கறது? எங்க அக்கா தங்கச்சிங்களோட பேசிக்கலாம்னு பாக்கறேன்" என்றாள்.

அட்மின் சாருக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டிக்கர் அனுப்பக்கூடத் தெரியாதவள் கேட்கிறாளே! முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினார். ஆள் சேர்ப்பது எப்படி, ஓட்டெடுப்பு வைப்பது எப்படி, யாருக்கு எந்த வேலை என்று முறை போட்டுப் பட்டியல் ஒட்டுவது எப்படி என்று ஒன்றையும் விடவில்லை. அவள் இடையிடையே சந்தேகம் வேறு கேட்டாள். முப்பது வருஷ தாம்பத்தியத்தில் இவ்வளவு கவனமாக அவள் தன் பேச்சைக் கேட்டதில்லை என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

இப்போது லிஃப்ட் விஷயத்துக்கு வருவோம். நாலாவது மாடிக் கேட்டைச் சாத்திவிட்டு வந்த அன்றே அவர் குரூப்பில் ஓட்டெடுப்பு வைத்தார். 'உங்கள் மாடியில் கேட் மூடியிருக்கிறதா?' ஒன்பது பேர் 'ஆம்' என்றார்கள். முதல் மாடி டெய்லர் மட்டும் 'இல்லை' என்றார். அட்மின் சார் நாலு மாடி இறங்கிப் போனார். கேட் கெட்டியாகச் சாத்தியிருந்தது.

"தெரியாம கை பட்டுடுச்சு சார். ஊசி கோத்துக்கிட்டே போட்டேனா, கட்டைவிரல் வழுக்கிடுச்சு" என்றார் டெய்லர்.

அவர் திரும்புவதற்குள் மூன்றாவது மாடி டீச்சரிடமிருந்து செய்தி. 'லிஃப்ட் வரவில்லை. முழங்கால் வலி உயிர் போகிறது. செயலாளர் கவனிக்கவும்.'

"பாவம், டீச்சர்!" என்று பதறிப்போய் ஓடினார். இரண்டாவது மாடியில் கேட் திறந்திருந்தது. அரை நிமிஷம் முன்னால் அந்த வழியாக இறங்கி வந்தபோது அது சாத்தியிருந்ததாகத்தான் அவருக்கு ஞாபகம். ஞாபகத்தை நம்பக் கூடாது, பதிவைத்தான் நம்ப வேண்டும் என்று அந்த இடத்திலேயே ஒரு முடிவுக்கு வந்தார்.

மறுநாள் ஆறு கேட்டிலும் கருப்புக் கட்டம் போட்ட ஸ்டிக்கர் ஏறியது. கேட்டைச் சாத்துகிறவர் தன் போனைக் கொண்டு அதை ஸ்கேன் செய்ய வேண்டும். செய்தால் அட்டவணையில் பச்சை. இரண்டு மணி நேரம் யாரும் ஸ்கேன் செய்யாவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் செயலாளரின் போன் அலறும். செயலாளர் நேரில் போய்ப் பார்த்து ஸ்கேன் செய்தால்தான் மறுபடி பச்சை. இந்தக் கடைசி விதியைச் சேர்த்ததும் அவரேதான். யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் போன் பதினேழு தடவை அலறியது.

கீழே போனால் மேலே சிவப்பு. மேலே வந்தால் நடுவில் சிவப்பு. சாப்பாட்டில் கையை வைத்தால் தரைத்தளத்தில் சிவப்பு. மனைவி தட்டை மூடி வைத்துவிட்டு, "போயிட்டு வாங்க, டீச்சர் பாவம்" என்பாள். ஒரு நாளாவது 'உக்காருங்க, அப்புறம் பாத்துக்கலாம்' என்று சொன்னாளா? கிடையாது. இதில் சாப்பாடும் பாதியாகக் குறைந்துபோயிற்று. வேர்க்க விறுவிறுக்க வந்து உட்கார்ந்தால் இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை.

"இந்த செயலாளர் வேலையை விட்டுடறேன்னு சொல்லிடட்டுமா?" என்று ஒரு நாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. "ஐயையோ, நீங்க விட்டுட்டா இந்தக் கட்டடம் என்னங்க ஆகும்? உங்களை விட்டா இதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

அதுவும் நியாயம்தானே! எழுந்து, இறங்கினார்.

மூன்றாவது வாரம் இன்னொரு கவலை வந்தது. லிஃப்ட் நிற்கிற நேரத்தில் பத்து வீட்டாரும் ஒரே சமயத்தில் படியில் ஏறி இறங்கினால் நெரிசல் ஆகாதா? உடனே 'படிக்கட்டு நேர அட்டவணை' என்று ஒன்று தயார் செய்து அனுப்பினார். இன்ன வீட்டுக்கு இன்ன பத்து நிமிஷம். அது போட்ட போடு இருக்கிறதே, பிரமாதம். அன்றிலிருந்து படிக்கட்டில் ஒரு ஈ காக்கையைக் காணோம். அவர் ஒருவர்தான் ஏறினார், அவர் ஒருவர்தான் இறங்கினார்.

"இதுவரைக்கும் யார் மேலேயும் நான் மோதலை தெரியுமா? எல்லாரும் அவங்கவங்க நேரத்துக்குக் கரெக்டா நடக்கறாங்க" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டார்.

அவள் போனில் ஏதோ தட்டிக்கொண்டே, "நீங்க போட்டதாச்சே, தப்பாப் போகுமா?" என்றாள். இப்போதெல்லாம் எந்நேரமும் அவள் கையிலும் போன்தான். அக்கா தங்கைகளுக்குள் அப்படி என்னதான் பேச்சோ! போகட்டும், தான் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை என்று அவருக்குத் திருப்தி.

ஆறு வாரம் ஓடிப்போயிற்று. பேண்ட் இடுப்பில் நிற்காமல் வழுக்கியதால் பெல்ட்டில் டெய்லரிடம் இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார். மனைவியைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். ரத்தம் எடுக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் கை இவருடையதைவிட ஜில்லென்று இருந்தது.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஊசி வேண்டாம்" என்றார். "மாத்திரையைக்கூடப் பாதியாக் குறைச்சிடலாம். அப்படி என்ன செஞ்சீங்க?"

"எல்லாம் ஆப்புதான் டாக்டர். நம்மளே டிசைன் பண்ணினது."

டாக்டர் அதைத் தன் போனிலும் போட முடியுமா என்று கேட்டார். அட்மின் சார் கால் தரையில் பாவாமல் வெளியே வந்தார். தெருவிலிருந்தே கட்டடத்துக் குரூப்பில் சேதியைப் போட்டார். கண் மூடித் திறப்பதற்குள் பத்து வீட்டிலிருந்தும் கைதட்டல், பூங்கொத்து, பட்டாசு. டீச்சர் ஏழு பூங்கொத்து போட்டிருந்தார். இத்தனை பாசமான ஜனங்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று நினைத்தோமே என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

கட்டடத்துக்குள் நுழைந்தால், லிஃப்ட் சிவப்பு.

"நீங்க முன்னால போங்க. நான் டெய்லர்கிட்ட ஒரு பிளவுஸ் வாங்கிக்கிட்டு மெதுவா ஏறி வர்றேன்" என்றாள் மனைவி.

ஒரே மூச்சில் ஐந்து மாடியும் ஏறினார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அவளும் வந்து நின்றாள்.

"அதுக்குள்ள வந்துட்டியா?"

"உங்க அட்டவணைல என் நேரம் இதுதானே" என்றாள். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். சந்தோஷத்தில்தான். ஆறு வாரமாக அடக்கி வைத்திருந்தது அவ்வளவும் வந்தது.

"அட, அழாதே. நான்தான் சொன்னேனே, எல்லாம் கன்ட்ரோல்ல இருக்குன்னு" என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது. அதை மறைப்பதற்காக, சோபாவுக்குப் பின்னால் குனிந்து போனைச் சார்ஜில் போடப் போனார். பிளக்கைச் சொருகும்போது வாசலில் மணி அடித்தது. கதவு திறந்துதான் இருந்தது.

தண்ணீர் கேன் போடுகிறவர் தோளில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு கேனோடு உள்ளே வந்தார். சட்டையில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. கேன்களை இறக்கி வைத்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்தார். சோபாவுக்குப் பின்னால் குனிந்திருந்தவர் அவர் கண்ணில் படவில்லை.

"சார் இன்னும் வரலையாக்கா? இன்னிக்கு கேட்டைத் திறந்து வெக்கற முறை என்னுதுன்னு நம்ம குரூப்ல போட்டிருந்தீங்களே, எந்த மாடின்னு போடலையே?"