அசல் மலைநாட்டான் கடை

"ஏம்ப்பா, இந்தக் கடையை வச்சிருந்த கச்சாக்கோ எங்கே?" என்றார் எனில்தா அம்மாள்.

"வித்துட்டுப் போயிட்டாரு, அக்கா. இனி நான்தான்," என்று நெஞ்சை நிமிர்த்தினான் எவேலியோ.

"நீ எந்த ஊரு?"

"இதே பர்ராங்கீயாதான்!"

கையில் எடுத்த அரிசியைத் திரும்ப வைத்துவிட்டார் அம்மாள். "நம்ம கடலோரத்து ஆளா? மத்தியானமானா தூளி கட்டிப் படுத்துடுவே. மளிகைக் கடைன்னா மலைநாட்டுலேர்ந்து வர்ற கச்சாக்கோ ஆளுங்கதான் லாயக்கு."

ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸை விற்றுக் கடை வாங்கியவன் எவேலியோ. ஒரு வாரமாக ஈ ஓட்டுகிறான். இந்த அம்மாள் போனால் தெருவே போய்விடும்.

"சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். நான் துன்ஹா மலைக்காரன். தாங்கள் அரிசியை எடுத்துக்கொள்ளலாம்," என்றான், மலைக்காரர்கள் பாணியில் படு மரியாதையாக.

அம்மாள் முகம் மலர்ந்தது. அரிசியோடு எண்ணெயும் வாங்கினார்.

சொல்லிவிட்டால் போதுமா? மறுநாளிலிருந்து மலைக்காரன் மாதிரி உச்சி வெயிலிலும் கம்பளிப் போர்வை, குடிக்கக் கொதிக்கக் கொதிக்கச் சாக்லேட் பானம். மத்தியானத் தூக்கம் போயே போச்சு. எதிர்வீட்டு ஸ்பீக்கரில் பாட்டு அலறினால் கடலோரத்துக் கால் தானாக ஆடியது. அதை இன்னொரு காலால் மிதித்துக்கொண்டு சர்க்கரை நிறுத்தான்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் மனைவி நூபிஸ்.

"வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுதுடி! என்னை எவன் கண்டுபிடிக்கப் போறான்?"

கண்டுபிடிக்கிற ஆளை எனில்தா அம்மாளே கூட்டிக்கொண்டு வந்தார். கோட்டும் தொப்பியுமாக ஒரு பெரியவர். பின்னால் வேடிக்கை பார்க்கப் பாதித் தெரு.

"இவர்தான் கச்சாக்கோ கடைக்காரர் சங்கத் தலைவர், தோன் சத்தூரியோ. உங்க துன்ஹாக்காரரேதான்! பேசுங்க, நாங்க கேக்கறோம்."

"துன்ஹாவில் தாங்கள் எந்தப் பக்கம்?" என்றார் தலைவர்.

"சர்ச் பக்கம்."

"எந்தச் சர்ச்?"

"பெரிய சர்ச்."

"ஓகோ. எதிர்த்தாற்போல் யார் வீடு?"

எவேலியோவுக்குக் கம்பளிக்குள் வேர்த்து ஊற்றியது. ஆனாலும் ஆள் லேசுப்பட்டவனா? "ஐயோ, ஊர்க்காரரைப் பார்த்ததும் கண்ணு கலங்குதே!" என்று கூவித் தலைவரைக் கட்டிப்பிடித்து, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

"ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், காட்டிக் கொடுத்துடாதீங்க. நான் இந்த ஊர்க்காரன். கடை போனா என் பொழைப்பே போச்சு!"

தலைவர் கோட்டுப் பித்தான்களை அவிழ்த்துப் பெருமூச்சு விட்டார்.

"மெதுவாப் பேசுடா மச்சான்! நானும் இதே ஊர்தான். நம்ம சங்கத்துல ஒருத்தன்கூட இதுவரைக்கும் மலையைப் பார்த்ததில்லை."