அல்பேனியாவில் ஒரு ஏகாதசி

முதலை கஜேந்திரனின் காலைக் கவ்விய அந்த நொடியில் விளம்பரம் வந்துவிட்டது.

கம்பெனி பஸ் பெரியபாளையத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்து காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உபன்யாசம் பார்த்துக்கொண்டிருந்தார் வெங்கட்ரமணன். யானை பெருமாளைக் கூப்பிட வாயைத் திறப்பதற்குள், பனியன் போட்ட ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரையில் தோன்றினார். 'மூன்று நாளாகப் போகவில்லையா? கவலையை விடுங்கள்!' என்று கொட்டை எழுத்து ஓடியது. அதைப் பக்கத்து இருக்கை ஹேமநாத் படித்துவிட்டான்.

"இன்னா சார், வயிறு சரியில்லயா?"

"எனக்கா? சேச்சே! அது பாட்டுக்கு வரதுப்பா."

"சும்மாலாம் வராது சார். போன்ல நாம இன்னா தேடுறமோ, அத்தப் பாத்துதான் விளம்பரம் அனுப்புவான்."

வெங்கட்ரமணனுக்குக் காது சூடாகிவிட்டது. ஆறு மாதமாக அவர் போனிடம் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு கேள்வியைத்தான். திருவள்ளூர் தேரடியில் காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வந்துவிடும். அதற்குள் ஸ்நானம், சந்தி, நெற்றியில் திருமண் எல்லாம் முடிந்துவிடும்; முடிய வேண்டிய ஒன்று மட்டும் முடியாது. கும்மிடிப்பூண்டி வால்வு கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸ் ஆபீசர். அங்கே நாற்பது பேருக்கு ஒரே கழிப்பறை. உள்ளே போய் உட்கார்ந்தால் இரண்டாவது நிமிடம் கதவைத் தட்டுவார்கள். தட்டியபின் எந்த மனிதனுக்கு மனம் ஒப்பும்?

அவருக்கு விடிவுகாலம் வேறு ரூபத்தில் வந்துகொண்டிருந்தது. தகவல் பாதுகாப்புக்கென்று தனியாக ஓர் அதிகாரி இருந்தால்தான் இனிமேல் வால்வு வாங்குவோம் என்று வெளிநாட்டு வாடிக்கையாளர் சொல்லிவிட்டார். முதலாளி சுப்பராயனின் கண் வெங்கட்ரமணன் மேல் விழுந்தது. பத்தொன்பது வருடமாக ஸ்டோர்ஸ் சாவியை இடுப்பை விட்டு எடுக்காத மனிதர். எத்தனை வால்வு இருக்கிறது என்று முதலாளி கேட்டாலே இரண்டு முறை யோசித்துத்தான் சொல்வார்.

அந்தப் பதவிக்கு மாடியில் ஓர் அறை. ஏ.சி. இருக்கிறது. ஏ.சி. கிடக்கட்டும், அறைக்குள்ளேயே ஒரு கழிப்பறை இருக்கிறது. உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள். ஃபைல் தேடுகிற சாக்கில் வெங்கட்ரமணன் இரண்டு தடவை மேலே போய் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தார். மாதக் கடைசியில் வாடிக்கையாளர் சார்பில் ஆடிட்டர் வந்து ஆளைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அது மட்டும்தான் பாக்கி.

சொந்த வயிற்று ரகசியத்தையே காப்பாற்றத் தெரியாதவன் கம்பெனி ரகசியத்தை எப்படிக் காப்பாற்றுவான் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் ஹேமநாத்தான். அவனிடமே சரணடைந்தார்.

"விபிஎன் போட்ருங்க சார். நீங்க இங்கதான் குந்திக்கினு இருப்பீங்க. ஆனா உங்க போன் வேற நாட்ல கீறதா காட்டும். எந்த நாடுன்னு நீங்களே எடுத்துக்கலாம்."

"சிங்கப்பூர் எடுத்துக்கட்டுமா? சித்தப்பா பிள்ளை அங்கதான் இருக்கான்."

"அங்க இத்தவிட ஜாஸ்தி விளம்பரம் சார். அல்பேனியா போங்க. அங்க வீடியோல விளம்பரமே வராதுன்றாங்க. நானே அங்கதான் கீறேன்."

"அல்பேனியா எங்கப்பா இருக்கு?"

"லிஸ்ட்ல மொத இருக்கு சார்."

அழுத்தினார். பஸ் பெரியபாளையத்துக்கு அடுத்த ஆரணி பஜாரில் ஊர்ந்துகொண்டிருக்க, வெங்கட்ரமணன் அல்பேனியா போய்ச் சேர்ந்தார். யானை கூப்பிட்டது, கருடன் பறந்தது, சக்கரம் சுழன்றது, முதலை ஒழிந்தது. நடுவில் ஒரு பனியன்காரனும் வரவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குப் போனதும் மனைவி ஸத்யபாமாவின் போனையும் வீட்டு டி.வி.யையும் அல்பேனியாவுக்கு அனுப்பிவைத்தார். அதோடு விட்டாரா? போனில் இருந்த ஒவ்வொரு செயலியாகத் திறந்து, இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள அனுமதி உண்டா, மைக்குக்கு உண்டா, கேமராவுக்கு உண்டா என்ற எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று போட்டார். பஞ்சாங்கச் செயலியைக்கூட அவர் விடவில்லை.

பஞ்சாங்கச் செயலி பாவம், என்ன செய்யும்? ஊரைச் சொல்ல மாட்டேன் என்கிறார். இணையம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று எட்டிப் பார்த்தது. அல்பேனியா என்றது. சரி என்று அந்த ஊர்ச் சூரிய உதயத்துக்குத் திதி கணித்துக் கொடுத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை முழுக்க வெங்கட்ரமணன் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உபவாசம் இருந்தார். அன்றைக்குப் பார்த்து ஸத்யபாமா அக்கா வீட்டுக்குப் போயிருந்ததால் கேட்க ஆளில்லை. புதன்கிழமை காலை அவள் வந்து இறங்கியதும், கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"தளிகை ஆச்சா? உபவாசத்தை முடிச்சுப் பாரணை பண்ணணும்."

"பாரணையா? இன்னிக்குன்னா ஏகாதசி!"

"நேத்தே ஆயிடுத்தேடி. போன்ல போட்டிருந்தது."

ஸத்யபாமா போனை வாங்கிப் பார்த்தாள். மேலே சின்ன எழுத்தில் ஏதோ ஒரு வாயில் நுழையாத ஊர்ப் பெயர் இருந்தது.

"ஏன்னா, பெருமாள் திருவள்ளூர்ல சேவை சாதிக்கிறார். உங்க ஏகாதசி மட்டும் எந்த ஊர்ல நடக்கறது?"

இலையை மடித்து வைத்துவிட்டு இரண்டாவது நாளும் உபவாசம் இருந்தார். மூன்றாம் நாள் வயிறு அடியோடு வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டது.

"அந்த சுலபா சூரணத்தை எடுத்துச் சாப்பிடுங்கோ. போன அமாவாசைக்குத் தேரடிக் கடைல கையெழுத்துப் போட்டு ஒண்ணுக்கு ரெண்டு டப்பாவா வாங்கிண்டு வந்தேளே!"

"மெதுவாப் பேசு!" என்று போனைக் குப்புறக் கவிழ்த்தார் வெங்கட்ரமணன்.

சூரணம் உண்மையிலேயே கேட்கிற சூரணம்தான். முதல் டப்பாவில் கண்ட குணத்தால்தான் மறுபடி அந்தக் கடைக்குப் போனார். கடையிலிருந்த பெண் கையில் போனைப் பிடித்தபடி அவ்வளவு மரியாதையாக விசாரித்ததில், பெற்ற தாயிடம்கூடச் சொல்லாததையெல்லாம் அவளிடம் வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்திருந்தார். கண்ணாடி கொண்டுபோகாததால் அவள் நீட்டிய காகிதத்தில் போட்ட கையெழுத்துதான் கொஞ்சம் கோணலாகிவிட்டது.

அந்த வாரத்திலிருந்துதான் விபரீதம் ஆரம்பித்தது.

தேரடியில் பூ விற்கிற அம்மாள் முழம் போடுவதை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிட்டாள். "சாமி, எங்க ஊட்டுக்காரருக்கும் இதே பேஜாருதான். ராத்திரில ஒரு ஸ்பூனா, ரெண்டு ஸ்பூனா?"

வெங்கட்ரமணனுக்கு அடிவயிறு கலங்கியது. துரதிருஷ்டவசமாக, அந்த அர்த்தத்தில் அல்ல.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் அந்தோணி விறைப்பாக சல்யூட் வைத்தார். "சார், காலைல சுகமா முடிஞ்சிதா?"

வராந்தாவில் எதிரே வந்த முதலாளி சுப்பராயன் தோளில் தட்டிக் கொடுத்தார். "கூச்சப்படாம எவ்ளோ தைரியமா பேசுறீங்க சார்! எனக்கெல்லாம் வராது." முந்தின நாள் மீட்டிங்கில் வாஷர் கணக்கைப் பற்றிப் பேசியதைத்தான் சொல்கிறார் என்று வெங்கட்ரமணன் எடுத்துக்கொண்டார். ஆனால் பூக்காரிக்கும் வாட்ச்மேனுக்கும் எப்படித் தெரிந்தது?

ஹேமநாத்தைப் படிக்கட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனார். "உண்மையைச் சொல்லு. நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"எங்கம்மா சத்தியமா இல்ல சார். இது டேட்டா லீக்கு. அல்பேனியாவுல விளம்பரம் இல்லன்றது வாஸ்தவம். ஆனா அங்க ரகசியத்த எப்டி வச்சிப்பான்னு நமக்குத் தெரியாதில்ல? ஐஸ்லாந்துக்கு மாறிடுங்க. அங்க ரூல்ஸ்லாம் பக்காவாம்."

ஐஸ்லாந்துக்குப் போனார். முதலை காலைக் கவ்வியது. உடனே மீன் எண்ணெய் விளம்பரம் வந்தது. பெருமாளுக்கும் கஜேந்திரனுக்கும் நடுவில் ஒரு முழு மீன் வாயைத் திறந்து மூடியது. ஆசாரமான குடும்பத்தில் பிறந்தவருக்கு இது பனியன்காரனைவிட மோசம்.

"ரகசியம் காக்கற நாட்டுல விளம்பரம் வரது, விளம்பரம் இல்லாத நாட்டை நம்ப முடியலை. நான் எங்கப்பா போறது?"

"ரெண்டையும் கோத்துடலாம் சார். மொத ஐஸ்லாந்து, அங்கருந்து அல்பேனியா. உங்கள யாராலயும் புடிக்க முடியாது."

கோர்த்தான். யாராலும் பிடிக்க முடியவில்லைதான், வங்கியாலும் முடியவில்லை. யாரோ ஐஸ்லாந்துக்கும் அல்பேனியாவுக்கும் தாவித் தாவிக் கணக்கில் கை வைக்கப் பார்க்கிறான் என்று வங்கிச் செயலி அவரை வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டது. உபன்யாசமோ நடுவில் வட்டம் வட்டமாகச் சுற்றியது. பஸ் கவரைப்பேட்டைக்கு வரும்போது 'கஜேந்திரன்' என்றது. கம்பெனி வாசலில் இறங்கும்போது 'கூப்பிட்டது' என்றது.

அன்று டீக்கடையில் நாஷ்டாவுக்குப் பணம் அனுப்பப் பார்த்தால் போன் கையை விரித்தது. கடைக்காரர் பாக்கியநாதன் எழுந்தே நின்றுவிட்டார்.

"வுடுங்க சார், உங்க கைல டப்பு வாங்குவனா? பக்கத்துல நின்னு ஒரே ஒரு செல்ஃபி எடுத்துக்கட்டா?"

"ஃபோட்டோவா! கூடவே கூடாது!" என்று சாப்பாட்டுப் பையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓடினார் வெங்கட்ரமணன்.

மறுநாளிலிருந்து மூக்கு வாய் மூடி முகக்கவசம் போட்டுக்கொண்டார். திருமண்ணை மறைக்கத் தலையில் ஒரு தொப்பி. கேட்டில் அந்தோணி தடுத்து நிறுத்த, "நான்தான்ப்பா" என்றார்.

"அட, நம்ம சார்! அந்தக் குரல மறக்க முடியுமா? எங்க ஊட்ல கொழந்த கூட உங்கள மாதிரியே பேசிக் காட்டுது."

குரல்கூட வெளியே போய்விட்டது! மைக் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அன்று மாலை வெங்கட்ரமணன் போனை ஸத்யபாமாவின் அரிசி டப்பாவில் புதைத்துவிட்டார். வீட்டிலும் ஜாடையிலேயே பேசினார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் இவ்வளவு நிம்மதியான மூன்று நாளைத் தான் கண்டதில்லை என்று ஸத்யபாமா அக்காவிடம் சொன்னாளாம்.

ஆடிட்டர் வரும் நாள் வந்தது. சென்னையிலிருந்து வழியெல்லாம் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டே காரில் வந்து இறங்கிய ஹேமாவதி கறாரான பெண்மணி. வெங்கட்ரமணன் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு வணக்கம் சொன்னதும், அவர் ஒரு நிமிடம் அசையாமல் பார்த்தார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு ஃபைலைத் திறந்தார். பக்கத்தில் சுப்பராயன் உட்கார்ந்திருந்தார். நேர்முகம் அதே மாடி அறையில். வெங்கட்ரமணனின் முதுகுக்குப் பின்னால் நாலடி தூரத்தில் பித்தளைத் தாழ்ப்பாள் பளபளத்தது.

கேள்விகள் சரமாரியாக வந்தன. வெங்கட்ரமணன் ஒன்றுக்கும் அசரவில்லை. எந்த நாட்டு சர்வர் எதற்கு உதவும், இரண்டைக் கோர்த்தால் என்ன ஆகும், எந்தச் செயலிக்கு எந்த அனுமதி தரக்கூடாது என்று பட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் மழையாகக் கொட்டினார். ஹேமாவதி வேகவேகமாகக் குறித்துக்கொண்டார். அவர் முகத்தில் உண்மையான மரியாதை தெரிந்தது. ஆனாலும் நடுநடுவே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போது கேன்டீன் கனகாம்பாள் மூன்று டீயோடு உள்ளே வந்தாள்.

"கடைசிக் கேள்வி சார்," என்றார் ஹேமாவதி. "உங்க சொந்தத் தகவல்கள். யாராவது எதையாவது காட்டிக் கையெழுத்து கேட்டா முழுசாப் படிச்சுப் பாப்பீங்களா?"

"படிக்காம எதுலயும் கைய வைக்கறதில்லை மேடம்." ஒரே ஒரு கணம், கண்ணாடி இல்லாமல் போட்ட ஒரு கோணல் கையெழுத்து அவர் நினைவின் ஓரத்தில் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது.

"அப்போ உங்களப் பத்தி வெளில எதுவும் இல்ல?"

வெங்கட்ரமணன் நெஞ்சை நிமிர்த்தினார். அந்தத் தாழ்ப்பாளை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "என் முகம், என் குரல், என் உடம்பு, எதைப் பத்தியும் ஒரு துளி வெளில கிடையாது. நான் சவாலே விடறேன் மேடம்."

ஹேமாவதி பேனாவை மூடினார். சுப்பராயன் தலையைத் தூக்கி மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார்.

கனகாம்பாள் டீ கிளாஸை அவர் முன்னால் வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"இன்னா சார் இப்டி சொல்ற? ஒரு மாசமா இந்த ஜில்லாவுல போன்ல எந்தப் பாட்டப் போட்டாலும் மொத நீதான வர்ற, சூரண டப்பாவ தூக்கிப் புடிச்சிக்கினு... உன்ன தள்ளி வுடலாம்னு பாத்தா பட்டனே வர மாட்டேங்குது!"